நாற்பத்தொன்றாம் குழாய்

அண்ணன் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் எலும்பு அத்தை. சாப்பிடும்போதுகூட எலும்பைப் பற்றியே பேசுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பதினோரு வருடமாக ஆய்வகத்தில் அவள் கட்டிக்கொண்டு அழுவது ஒரே ஒரு நோயைத்தான். ரத்தப் புற்றுநோய்களில் ஒரு வகை அது. ஓசைப்படாமல் எலும்பை அரித்துவிடும். வெறும் முதுகுவலி என்று தைலம் தேய்த்தே பலர் மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஊசி என்றதும் நெருங்கிய சிநேகிதர்களுக்கே அவசர வேலை வந்துவிடும். கையைக் காலைப் பிடித்து ஐம்பது பேரைத் தேற்றினாள். "உடம்புல எங்கயும் வலி இருக்கக் கூடாது. இருந்தா சேத்துக்க மாட்டோம்" என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள்.

அந்த ஐம்பதில் அண்ணனும் ஒருவர். கண்ணாடிக் கடைக்காரர். ஜன்னல் கண்ணாடியைத் தானே அறுத்து, தானே மாடிக்குத் தூக்கிப்போய் மாட்டுகிற ஆள். கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்து கையை நீட்டினார். படிவத்தில் 'எலும்பிலோ முதுகிலோ வலி உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். மழைக்குப் பயந்து அன்று வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ரத்தக் குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆய்வகத் தலைவரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆனால் அந்த மழை நாளில் அவள் மேசைக்கு வந்தது ஒரே குழாய். நாற்பத்தொன்று.

மூன்று வாரம் கழித்து அதைச் சோதித்தாள். பரவலாகத் தெரியவேண்டிய புரதம் ஒரே கறுப்புக் கோடாகத் திரண்டு நின்றது. நோயாளிகளிடம் நூறு தடவை பார்த்த கோடு. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் செய்தாள். கோடு அங்கேயே இருந்தது.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமே என்றால், முடியாது. 'முடிவுகள் ரத்தம் கொடுத்தவருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா' என்று படிவத்தில் ஒரு வரி. ஆய்வகச் சோதனையை நம்பி யாரும் வீணாகப் பயந்துவிடக் கூடாதென்று இரண்டு கூட்டங்களில் மல்லுக்கு நின்று அந்த வரியைச் சேர்த்ததே அவள்தான். தானே கட்டிய அறைக்குள் தானே மாட்டிக்கொண்டாள்.

தலைவரிடம் போய் நின்றாள்.

"யாரோடதுன்னு நீங்க தெரிஞ்சு வச்சிருக்கறதே தப்பு" என்றார் அவர். "விதியை மாத்தணும்னா குழு கூடணும். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் தாங்காது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி இருக்கு. வலி இருக்கறதை மறைச்சவங்களை ஆய்வுலேர்ந்து நீக்கி டாக்டர்கிட்ட அனுப்பலாம். அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க. கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மறுநாள் மதியம் படிவத்தோடு கடைக்குப் போனாள். அண்ணன் ஒரு கையை மேசையில் ஊன்றியபடி கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். கடை முழுக்கத் தைல வாசனை.

"எலும்புலயோ முதுகுலயோ வலி உண்டா, அண்ணா?"

"அதான் இல்லைன்னு எழுதிக் குடுத்தேனே."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"கல்லு மாதிரி இருக்கேன்மா. என்னால உன் ஆராய்ச்சிக்கு ஒரு கொறையும் வராது, போ."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் தன் தங்கைக்காகப் பொய் சொல்கிறார். அந்தப் பொய்யே அவரைத் தின்னப்போகிறது. வாயைத் திறந்து சொல்ல அவளுக்கு வழியில்லை. பதினோரு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள், படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உன் பேரை எடுத்துட்டாங்க, அண்ணா. நீ இப்போ அந்த ஐம்பதுல இல்ல."

"எடுத்துட்டாங்களா?"

"ஆமா."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். மெல்ல, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ சொல்றதுக்கென்ன. ஆறு மாசமா உயிர் போகுதும்மா. ராத்திரி புரண்டு படுக்க முடியல."

அவள் படிவத்தைத் திரும்ப எடுத்து 'உண்டு' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. "நாளைக்குக் காலைல என்கூட டாக்டர்கிட்ட வர்றே."

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே? நீதானே இதுல பெரிய ஆளு, நீயே சொல்லேன்."

"டாக்டர் பாத்துச் சொல்லட்டும்" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.

அண்ணன் தலையாட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"ஐம்பதுல ஒண்ணு கொறையுமே, என்ன பண்ணுவே? உங்க அண்ணியை அனுப்பி வைக்கட்டுமா?"