டீச்சர் சொன்ன அடாப்ட்

அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர. அதுவும் வீட்டில் இல்லை. என் வகுப்பறையில், மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்குக் காவல்துறையில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாறுதல் கேட்டு வாங்கி வந்து இலஞ்சியில் வீடு பிடித்திருந்தோம்; பள்ளிக்கூடம் தென்காசியில். முதல் பெற்றோர் கூட்டத்தன்று சாரல் விடவே இல்லை. நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, எங்கள் முறை வந்ததும் அம்மா டீச்சரின் முன்னால் போய் நின்றாள். என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வாரா என்று நான் பக்கத்தில் காத்திருந்தேன்.

டீச்சர் சிரித்த முகமாக, “புதுசா வந்த பிள்ளைன்னு யாரும் சொல்ல முடியாதும்மா. நல்லா அடாப்ட் பண்ணிருக்கா” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அர்த்தம் தெரியாது, ஆனால் இங்கிலீஷில் அல்லவா பாராட்டியிருக்கிறார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரு சொன்னா ஒங்ககிட்ட?”

டீச்சருக்குப் புரியவில்லை. “எதும்மா?”

“எவ சொன்னா? எம் பிள்ள அவ. நாந்தான் பெத்தேன். எங்கன வேணாலும் வந்து சொல்லுவேன்!”

குடை தரையில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன், அதற்கு இங்கிலீஷில் அடாப்ட் என்று பெயர் போலிருக்கிறது என்று நினைத்துப் பயந்தேன்.

டீச்சர் எழுந்து அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தி, “அம்மா, புது எடத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கிட்டா, நல்லாப் பழகிட்டான்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல” என்றார். அம்மா எங்களுடைய குட்டி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் குடையை எடுத்துக் கொடுத்தார். என் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் அழுதது எனக்குக் கேட்டது. “தெரிஞ்சவங்க யாரும் வேண்டாம்னுதான இங்கன வந்தோம். இப்ப நானே வாய விட்டுட்டேனே.”

“ஏட்டி, அந்த டீச்சர் யார்ட்டயும் சொல்லமாட்டா. அழாத” என்றார் அப்பா.

ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் போனை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். ஒன்றுக்கு இரண்டாக வந்தது. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. ‘ஏ’ வந்தால், சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வது. ‘ஓ’ வந்தால், பிறர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்வது. எங்கள் பக்கத்து ஆட்கள் சொன்னால் இரண்டும் ஒரே சத்தம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குத்தானா இவ்வளவும்?

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் குற்றாலத்துக்கு, ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒரு கடை வாசலில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். அம்மா அப்போதும் சரியாகப் பேசவில்லை. அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

“எம்மா, டீச்சர் சொன்னது ‘ஏ’. நீ ‘ஓ’ன்னு நெனச்சிட்ட. ‘ஓ’ன்னா யாரோ பெத்த பிள்ளைய எடுத்து வளக்குறது. அது நம்ம வீட்டுல இல்லல்லா? அதுக்குப் போயி ஏன் கத்துன?”

அம்மாவின் கை பாதியில் நின்றது. டீ சொல்லிக்கொண்டிருந்த அப்பா, சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் சிரிக்கவில்லை.

“ஆமாட்டி” என்றாள் அம்மா கடைசியில். “நம்ம வீட்டுல இல்ல.”

துண்டை எடுத்து என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். காய்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

கல்லூரியில் சேருமுன் அவர்களே என்னை உட்காரவைத்து எல்லாம் சொன்னார்கள். அன்று கடை வாசலில் எனக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்குள் அம்மாவுக்கே தெரியாத வித்தியாசத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு பஜ்ஜி கேட்டேன். வழக்கமாக வயிறு கெட்டுவிடும் என்று தடுக்கிறவள், மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தாள்.