காட்டாமணக்கு வெட்டிய நிலம்

நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு தாராளம் உண்டு. எந்த நிலத்தை விட்டுக்கொடுப்பது என்பதை நிலத்துக்காரரே தேர்ந்தெடுக்கலாம். எங்கள் சரகத்து மிராசுதார் தேர்ந்தெடுத்தது வடிவாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கர். நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அந்த நிலம், அவரிடமே பண்ணையாளாக இருந்து, கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று வருடத்துக்குள் சாகுபடி செய்யாவிட்டால் பட்டா ரத்து என்பது நிபந்தனை. பார்வையிட்டு அறிக்கை எழுத வேண்டிய வருவாய் ஆய்வாளர் நான்.

அந்தச் செடி அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. வெட்டினால் ஒரு கட்டையில் நாலு துளிர் வரும். வெட்டிப் போட்ட தண்டு ஈரம் கண்டால் கணுவுக்குக் கணு வேர்விடும். வேரோடு தோண்டி, காயவைத்து, கொளுத்த வேண்டும். வேளாண்மைத் துறையிலிருந்து வந்த சுற்றறிக்கையில் இதெல்லாம் இருந்தது. படித்துவிட்டு 'கோப்பில் சேர்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது எங்கள் துறை விஷயமில்லை.

பார்வையிட வருவதாக, விதிப்படி ஒரு வாரம் முன்பே, நிலம் பெற்ற ஒப்படைதாரருக்கு அறிவிப்புக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"வெட்டிப் போட்டாப் போதுங்களா, ஐயா?"

"தரை தெரியணும்" என்றேன்.

பக்கத்து வரப்பில் நின்ற மிராசுதார், ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையை மாற்றியிருந்தார். பேச்சை மாற்றவில்லை. "கொடி புடிச்ச கைதானடா? அருவாளத் தூக்கி நாலு போடு போடு, செத்துடும்."

கணவனும் மனைவியுமாக ஒரு வாரம் கூலிக்குப் போகாமல் வெட்டினார்கள். தண்டுகளை வயலின் நான்கு ஓரத்திலும் அழகாக அடுக்கியிருந்தார்கள். தரை தெரிந்தது. 'முட்செடிகள் வெட்டி அகற்றப்பட்டன' என்று எழுதினேன். அதில் முள்ளே கிடையாது. படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

மழைக்குப் பிறகு அடுக்கி வைத்த இடமெல்லாம் வேலி போட்டதுபோல் தழைத்தது. அடுத்த வருடமும் அறிவிப்பு, அடுத்த வருடமும் அரிவாள். மூன்றாம் வருடம் வயலுக்குள் மாடு நுழைய இடமில்லை. 'ஒப்படைதாரர் அக்கறை காட்டவில்லை' என்று எழுதினேன். பட்டா ரத்தானது.

நிலம் அடுத்த தகுதியான நிலமற்றவருக்குப் போனது. அவர் மிராசுதாரின் கார் டிரைவர். தகுதியைச் சரிபார்த்ததும் நான்தான். எல்லாம் சரியாக இருந்தது.

அந்தக் கோடையில் அந்தப் பக்கம் போனேன். நம் பழைய ஒப்படைதாரர் அங்கேயே கூலிக்கு மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார். வெயிலில் வேர்கள் குவியலாகக் காய்ந்தன. ஒரு பக்கம் புகைந்துகொண்டிருந்தது. வரப்பில் குடை பிடித்தபடி மிராசுதார், ஒரு வேர்கூட மிஞ்சக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் தோண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வேரோட எடுக்கணுமாங்கய்யா. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தார். அந்த வருடம் குறுவையே நன்றாக விளைந்தது. அடங்கல் கணக்கில் டிரைவர் பெயருக்கு நேரே சாகுபடி என்று எழுதினேன்.