நாலாம் மாடி இல்லாத ஜெபம்

காலையில் மிஷினில் உட்காரும் முன், தையலக்கா ஜெபக் குழுவுக்கு ஒரு ஜெபம் அனுப்பிவிடுவாள். போனில் எங்கிருந்தாவது வந்ததைப் பூப்படத்தின் மேல் அழகாக எழுதி அனுப்புவது அவள் வழக்கம். அடியில் இருக்கிற, எழுதினவர் பெயரை மட்டும் எடுத்துவிடுவாள். பிசிறு நறுக்கிப் பழகிய கை. தப்பு என்றே தோன்றவில்லை.

அப்படி ஒரு நாள் ஒன்று வந்தது. "நாலாம் மாடிக்குப் போகிறவரின் பயத்தையும், கீழே வருகிறவரின் கண்ணீரையும் நீயே தாங்கிக்கொள், ஆண்டவா." அதென்ன நாலாம் மாடி என்று அவளுக்குப் புரியவில்லை. 'உயரத்துக்கு' என்று மாற்றிவிட்டு அனுப்பினாள்.

குழுவே உருகிப்போயிற்று. "அக்கா, நீங்களே எழுதினதா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தையலக்கா கும்பிடுகிற கைப்படத்தை அனுப்பினாள். எல்லாம் அவன் அருள் என்றுதானே அதற்கு அர்த்தம் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். அந்த மனசு அன்றைக்கு நன்றாகத்தான் தூங்கியது.

குழுவை நடத்துகிற ரிட்டயர்டு தபால்காரர் அதை அவள் குரலிலேயே பதிவு செய்து, அவள் பெயர் போட்டு இணையத்தில் ஏற்றினார். வியாபாரத்துக்கும் ஆகட்டும் என்று கடை விலாசத்தையும் சேர்த்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார்.

"தங்கச்சி, நம்ம ஜெபத்தை யாரோ ஒருத்தி தன்னோடதுன்னு படிச்சுப் போட்டிருக்கா. என்ன தைரியம் பாரு! காப்பிரைட் புகார் குடுத்துடறேன். உன் பேர்லதான் குடுக்கணும். சரியா?"

அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். அதையே சாக்காக வைத்து "ம்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் ஒரு பெண் கையில் நீலச் சீருடை ஒன்றோடு கடைக்கு வந்தாள்.

"இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கணும்க்கா. இளைச்சுட்டேன்."

தையலக்கா டேப்பை எடுத்தாள். அளவெடுக்கக் கைகளைத் தூக்கி நின்றபடியே அந்தப் பெண் சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டுறேன். நாலாம் மாடியில ஆபரேஷன் ரூம். ஏத்திட்டுப் போறப்ப ஜனங்க என் கையைக்கூடப் பிடிச்சுக்குவாங்க. அவங்களுக்காகத்தான் அந்த ஜெபத்தை எழுதினேன். நாலாம் மாடியை ஏன்க்கா எடுத்துட்டீங்க?"

டேப் தையலக்காவின் கையிலிருந்து நழுவியது.

"பேரை எடுத்தீங்க, போகட்டும். இப்ப நான் திருடின்னு நோட்டீஸ் வந்திருக்கு. நான் படிச்சுப் போட்டதை நெட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. இன்னும் ரெண்டு புகார் வந்தா என் பக்கத்தையே மூடிடுவாங்களாம். எங்க வார்டு நர்ஸ்கூட, 'ஜெபத்தையுமா சுடுவே?'ன்னு சிரிக்கிறாங்க."

"எனக்கு... தெரியாதும்மா," என்றாள் தையலக்கா. சொன்ன மாத்திரத்தில் அதுவும் பொய் என்று அவளுக்கே உறைத்தது. "இல்ல. தெரியும். நான் எழுதலைன்னு எனக்குத் தெரியும்."

சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தை அவளால் பார்க்க முடியவில்லை. தினமும் அதற்கு முன் நின்றுதான் அந்த ஜெபத்தைச் சொல்லியிருக்கிறாள். திருடிய பாத்திரத்திலேயே படையல் போட்ட மாதிரி இருந்தது.

"புகாரை நீங்கதான் திரும்ப வாங்கணும். வேற யாராலயும் முடியாதாம்," என்றாள் லிஃப்ட்காரப் பெண்.

தையலக்கா அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டாள். இந்த முறை வாயில் ஊசி இல்லை.

"அண்ணே, அது என்னோடது இல்ல. எழுதினவங்க என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. புகாரை வாபஸ் வாங்குங்க, என் பேரையும் எடுத்துடுங்க."

"என்னம்மா, இவ்வளவு நாள் கழிச்சு! குழுவுல என் முகத்தை எங்க வச்சுக்கிறது?"

"என் முகம் போகட்டும்ண்ணே. நானே சொல்லிடறேன்."

அந்தப் பெண்ணின் எதிரிலேயே தையலக்கா உண்மையைச் சொல்லிக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். பாதியில் வார்த்தை தடுமாறியது. அதை அழித்து மறுபடி பேசப் போகவில்லை. அப்படியே போகட்டும் என்று விட்டாள். "பரவால்லக்கா, கடவுள் பேர்லதானே செஞ்சீங்க," என்று ஒருத்தி பதில் போட்டபோது இன்னும் கூனிக் குறுகிப்போனாள்.

வியாழக்கிழமை லிஃப்ட்காரப் பெண்ணின் குரல் இணையத்துக்குத் திரும்பி வந்தது. நாலாம் மாடி அதன் இடத்தில் இருந்தது. கேட்டு முடித்ததும் தையலக்காவின் விரல் பழக்கத்தில் கும்பிடுகிற கைப்படத்தைத் தேடிப் போனது. தொடாமல் விரலை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அதன் அடியில் "மன்னிச்சிடுங்க" என்று எழுதி அனுப்பினாள்.

தைத்து முடித்த நீலச் சீருடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிப்போக அந்தப் பெண் இன்னும் வரவில்லை.