சுடுகிற மூலையில் ஒரு பெப்பரோமியா

டாக் ஜோங்சு முப்பத்தோரு வருஷம் பூச்சோன் நகரத்தில் பஸ் ஓட்டியவர். எந்தத் தெருவில் எந்நேரம் நெரிசல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு சாண் பெப்பரோமியாச் செடி அந்த மனிதரைத் திண்டாட வைத்துவிட்டது.

மனைவி சுன்னே முழங்கால் அறுவைக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள். "ஒத்த இலையிலேர்ந்து ஆறு வருஷமா வளத்தது. நான் வர்ற வரைக்கும் உயிரோட இருக்கணும், ஆமா."

ஜனவரிக் குளிரில் பால்கனிக் கண்ணாடியில் பனி உறைந்தது. ஜோங்சு அங்கிருந்த தொட்டியைத் தூக்கிவந்து, வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் தரைக்கடியில் நுழைகிற மூலையில் வைத்தார். வீட்டிலேயே தரை நன்றாகச் சுடுவது அங்கேதான். விருந்தாளிகளை உட்கார வைக்கிற இடம். செடிக்கும் அந்த மரியாதையைச் செய்தார்.

நாலாம் நாள் இலைகள் தொங்கின. தண்ணீர் ஊற்றினார். இன்னும் தொங்கின. அதிகமோ என்று நிறுத்தினார். அப்போதும் தொங்கின. போனில் தேடினால், தண்ணீர் போதாவிட்டாலும் தொங்கும், கூடினாலும் தொங்கும் என்று போட்டிருந்தது.

"அப்ப நான் என்னதான்யா பண்றது?" என்று போனிடமே கத்தினார்.

சுன்னே தினமும் போனில் கேட்பாள். "ஜம்முனு இருக்கு" என்பார். வைத்ததும் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். பயந்தாங்கொள்ளி.

அவள் வீடு திரும்புவதற்கு முதல் நாள் நாலு இலை மொத்தமாக உதிர்ந்தது. தொட்டியை அணைத்துக்கொண்டு கீழே பூச்செடிக் கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா தொட்டியின் அடியைத் தொட்டாள்.

"ஏன் இவ்ளோ சூடு? எங்க வச்சிருந்தீங்க?"

"நல்ல இடத்துலதாம்மா. சுடுற மூலையில."

"தண்ணியும் ஊத்தி, அடுப்பும் மூட்டி, வேரை அவிச்சே போட்டீங்களே ஐயா! தண்டெல்லாம் கூழாயிடுச்சு. மேல ரெண்டு இலை நல்லாருக்கு. காஞ்ச மண்ணுல நட்டு அலமாரியில வைங்க. பொழைச்சா உங்க அதிர்ஷ்டம்."

நல்ல இடம் எப்படிக் கெட்ட இடமாகும்? ஜோங்சுவுக்குப் பிடிபடவில்லை. கடை வாசலிலேயே நின்று சுன்னேயைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.



"சுடுற மூலையிலயா?" என்றாள் அவள். "நம்ம பொண்ணு பொறந்தது ஆகஸ்ட் மாசம், கொளுத்துற கோடை. அப்பவும் பெத்தவளுக்குச் சூடுதான் நல்லதுன்னு தரையைச் சூடாக்கி, போர்வையைப் போத்தி என்னை இருவத்தோரு நாள் அங்கேயே படுக்க வச்சீங்க. மூச்சு முட்டி செத்துப் பொழைச்சேங்க."

"சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? ராத்திரில ரெண்டு தடவ எந்திரிச்சு, தரை சுடுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க."

அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா? அவருக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"நாளைக்கு வந்ததும் உனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு."

"ஐஸ் போட்டு ஒரு டம்ளர் தண்ணி," என்றாள் சுன்னே.