பூஜைக்குப் போன காலண்டர் அட்டை

அம்மா கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது. பத்தாவதோடு நின்றவள், நூல் மில்லில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மில்லை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் போர்வை அனுப்பும் கம்பெனியில் டைப் அடிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், சாயங்காலமானால் தாடிக்கொம்பு ரோட்டு சென்டருக்குப் போய்விடுவாள். என் அம்மாவைப் பிடுங்கிக்கொண்ட அந்தக் கம்ப்யூட்டரை எனக்குக் கட்டோடு பிடிக்காது.

வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டு, எழுத்துகளை எழுதி, அதில்தான் விரலைப் பழக்கினாள்.

விஜயதசமி நல்ல நாள் என்று அன்று காலையே கம்பெனியில் டெஸ்ட் வைத்திருந்தார்கள். முதல் நாள் சரஸ்வதி பூஜை. சென்டர் லீவு. அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. தன் அரத்தையும் சுத்தியலையும் என் புத்தகங்களையும் சாமி முன்னால் அடுக்கியவர், அந்த அட்டையையும் வைத்து, எழுத்துக்கு எழுத்து சந்தனம் குங்குமம் இட்டுவிட்டார். சூடம் காட்டும்போதுதான் அம்மா பார்த்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது.

"நாளைக்கு டெஸ்ட வச்சுக்கிட்டு நான் எதுல அடிச்சுப் பாக்குறது?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு அரம் மாதிரி ஒனக்கு அதானே ஆயுதம்?" என்றார் அப்பா. பெருமையாகச் செய்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை.

மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு மடியில் குப்புறப் போட்டுக்கொண்டாள். பத்து விரலாலும் முதுகில் தட்டினாள். கூச்சம் தாங்காமல் நெளிந்தேன்.

"செத்த நேரம் அசையாம கெடடி."

கிடந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா என்னைத் தட்டித் தூங்க வைக்கிறாள். இந்த அம்மாவை இனி எந்தக் கம்ப்யூட்டருக்கும் விடக்கூடாது என்று நினைத்தபடியே சுகமாகத் தூங்கிப்போனேன்.

மறுநாள் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் இன்ஜினீயரிங் படித்தேன்.

கல்லூரியில் முதன்முதலாகக் கீபோர்டில் கை வைத்த அன்றுதான் எனக்கு முதுகு கூசியது. வீட்டுக்குப் போன் போட்டு, அந்தப் பூஜை நாளில் என் முதுகில் என்ன அடித்தாய் என்று கேட்டேன். அம்மாவுக்கு மனப்பாடமாக இருந்தது: "அன்புடையீர், தாங்கள் கேட்ட போர்வைகள் கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டன." அதற்குத்தான் நான் அப்படி ஒரு தூக்கம் தூங்கியிருக்கிறேன்.