சித்தி சுற்றிக் காட்டிய கிறிஸ்துமஸ்

அப்பா கடலூர் ஜெயிலில் இருந்த மார்கழியில்தான் நான் முதன்முதலாகக் கேக் சாப்பிட்டேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். எனக்கோ அவை சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல் நடந்த காலம் அது. சின்னசேலம் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டதாகச் சொல்லி எங்கள் ஊரான நைனார்பாளையத்து ஆண்கள் சிலரைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. அதில் அப்பாவும் ஒருவர். அவர் மரம் வெட்டவில்லை, வெட்டியவர்களுக்கு டீ வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான் என்பாள் அம்மா. அப்பாவைக் கேட்டால் முதல் வெட்டே தன்னுடையது என்பார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் அம்மாவின் பேருக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாலாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுதியிருந்தது சித்தி. எனக்கு அப்படி ஒரு சித்தி இருப்பதே ஏறக்குறைய மறந்துபோயிருந்தது.

சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்வராயன்மலையில் கரியாலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டாள். அவர் எங்கள் சாதி இல்லை. எலவனாசூர்கோட்டை காலனிக்காரர், அதிலும் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். சேதி வந்த அன்று அப்பா, அவள் செத்துவிட்டாள் என்று சொல்லி வீட்டில் எல்லோரையும் தலைமுழுகச் சொன்னார். அம்மாவும் முழுகினாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, விசேஷமும் இல்லை, எதற்காக எனக்கும் தலைக்கு ஊற்றினார்கள் என்று மட்டும் அப்போது யோசித்தேன். அதன்பிறகு மூன்று வருடமாக வீட்டில் சித்தியின் பேச்சே கிடையாது.

கடிதத்தில் அதிகம் இல்லை. 'கிறிஸ்துமஸ் அன்னிக்கு எனக்கு லீவு. மாமாவைப் பிடிச்சிக்கினு போன சேதி தெரிஞ்சிது. ஒரு நாளைக்குப் பாப்பாவை அழைச்சிக்கினு வா அக்கா. ஊரைச் சுத்திக் காட்டறேன்.' அம்மா அதை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு வாங்கி அடுப்பில் போட்டாள். அப்பாவைப் பார்க்கக் கடலூர் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல பாவாடையை எனக்குக் கட்டிவிட்டு, கள்ளக்குறிச்சியில் மெட்ராஸ் பஸ் ஏறினாள்.

விடியும்போது பாரிமுனையில் இறங்கினோம். சித்தி நின்றுகொண்டிருந்தாள். புதுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். முன்பைவிட மிகவும் பருத்திருந்தாள், குறிப்பாக வயிறு. அம்மாவும் அவளும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"இளைச்சிட்டியே அக்கா."

"நீ எத்தினி மாசம்?"

"ஏழு."

பத்தடி தள்ளி ஒரு மனிதர் வெள்ளைச் சட்டையில் பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சித்தியின் வாத்தியார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவரும் எங்களோடு வந்தார், ஆனால் எப்போதும் அந்தப் பத்தடி தூரத்திலேயே வந்தார்.

அன்று நாங்கள் சாப்பிட்டதுபோல் நான் ஒரே நாளில் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. முதலில் ஒரு டீக்கடையில் பன் பட்டர் ஜாம். பிறகு ஒரு பெரிய ஓட்டலில் நெய் ரோஸ்ட், அது என் தலைக்கு மேல் கோபுரமாக நின்றது. மவுண்ட் ரோடு பேக்கரி ஒன்றில் வாசலிலிருந்தே வெண்ணெய் வாசனை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சர்க்கரையில் செய்த வீடு, சர்க்கரையில் பனி, சர்க்கரையில் தாடித் தாத்தா. கறுப்பாக, திராட்சை பதித்த கேக்கில் ஒரு துண்டை வாங்கிச் சித்தி என் வாயில் வைத்தாள். புளிப்பா, இனிப்பா, கசப்பா என்று சொல்லத் தெரியாமல் இன்னொரு துண்டு கேட்டேன். அதற்கு மேல் ரோஸ்மில்க். குடித்துவிட்டு நாக்கை நீட்டி நீட்டிக் கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கடையிலும் வாத்தியார் வேறு மேஜையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமா என்று சித்தியிடம் கேட்பார். சித்தி அம்மாவிடம் கேட்பாள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

கடற்கரைப் பக்கம் இருந்த மாதா கோயிலில் கூட்டம் நெரிந்தது. குடிலில் வைக்கோல், ஆட்டுக்குட்டி, மாடு, குழந்தை எல்லாம் இருப்பதாகச் சித்தி சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்களின் இடுப்புதான். துள்ளித் துள்ளிப் பார்த்தேன். அப்போது வாத்தியார் கிட்டே வந்தார். என்னைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்காமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாதா சிலையையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார்.

"எங்க ஊரு மாடு மாதிரிதான் இருக்குது," என்றேன்.

"மாடு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் பாப்பா," என்றார். அன்று அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

வெளியே வந்ததும் சித்தி கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்ததும் மணலில் உட்கார்ந்தாள். பட்டாணி சுண்டல் விற்ற இடத்தில் ஒருமுறை, பலூன் சுடுகிற இடத்தில் ஒருமுறை. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எழுதிவிட்டு இப்படி எங்கே பார்த்தாலும் உட்கார்ந்தால் எப்படி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒங்க வூட்டுக்குப் போலாம் சித்தி. அங்க போயி ஒக்காந்துக்கோ," என்றேன்.

அம்மா மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டாள்.

"வூடு ரொம்ப தூரம் கண்ணு," என்றாள் சித்தி.

"பஸ்ஸுக்கு நேரமாயிடும்," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வாத்தியார் அங்கிருந்து போய்விட்டார். நாங்கள் பாரிமுனைக்கு வந்து பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார். கையில் ஒரு டிபன் கேரியர். சித்தி அதை வாங்கி ஜன்னல் வழியாக அம்மாவிடம் நீட்டினாள். "காலையில ஆக்கினது அக்கா. வழியில பாப்பாவுக்குப் பசிச்சா குடு. வேணாம்னா..." என்று சொல்லி முடிக்காமல் விட்டாள்.

அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பச் சுடவைத்துக் கொண்டுவந்திருப்பார் போல, அடித்தட்டு சூடாகவே இருந்தது. பஸ் கிளம்பியபோது என்னை இடித்து, "சித்தப்பாவுக்கு டாட்டா காட்டு," என்றாள். வாத்தியார்தான் சித்தப்பா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கையை ஆட்ட மறந்து அப்படியே நின்றார்.

விழுப்புரம் தாண்டி, பொழுது சாய்கிற நேரத்தில் பஸ் நின்றது. முன்னால் மரம் போட்டிருக்கிறார்களாம். எடுக்க இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று கண்டக்டர் சொன்னார். எங்கள் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எலவனாசூர்கோட்டைக்காரர். எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தவர், அப்பா ஜெயிலில் இருப்பதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டார்.

"நமக்காவத்தானம்மா உள்ள போயிருக்குது. நீ நம்ம வூட்டுப் பொண்ணு," என்று சொல்லி, நாங்கள் தாராளமாக உட்கார நகர்ந்து இடம் கொடுத்தார்.

எனக்குப் பசித்தது. அம்மா கேரியரைத் திறக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் திறந்தாள். கறி பிரியாணி. மேல்தட்டில் தயிர் வெங்காயமும், நறுக்கி மடித்து வைத்த வாழையிலையும். எனக்கு ஊட்டினாள். பிறகு தானும் ஒரு வாய் எடுத்தாள். எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, சாப்பிட்டாள். அதற்குப் பிறகு நிறுத்தாமல் சாப்பிட்டாள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும், பெரியவருக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தாள்.

"உப்பு ஒறப்பெல்லாம் அளவா இருக்குதே. யாரும்மா ஆக்கினது?"

"என் தங்கச்சிங்க."

"எங்க குடுத்திருக்குது?"

அம்மா தன் இலையைப் பார்த்தாள். ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"ஒங்க ஊருதாங்க. காலனிங்க. வாத்தியாரா இருக்காரு."

பெரியவரின் கை இலையில் நின்றது. வெளியே யாரோ மரத்தை வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இலையில் பாதிச் சோறு மீதி இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவர் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், எலவனாசூர்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருக்கும் என்று நான் நினைத்தேன். இறங்கும்போது எங்கள் பக்கம் திரும்பி, "பத்திரமா போம்மா," என்றார்.

அதற்கடுத்த வாரம் நிஜமாகவே கடலூருக்குப் போனோம். மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்து, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. ஊரில் நடந்தது, வயலில் நடந்தது எல்லாம் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், நேரம் முடியப்போகிற சமயத்தில், நெல் விலையைச் சொல்வது போலவே சொன்னாள்.

"மெட்ராஸ் போயி தங்கச்சியப் பாத்துட்டு வந்தேன். அது ஆக்கிக் குடுத்த சோத்தையும் சாப்ட்டேன். ஏழு மாசமா இருக்குது."

அப்பா வலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பக்கத்தில் யாரோ ஒருத்தி தன் மகனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவுக்குக் கேக் வாங்கி வராததில்தான் கோபம் என்று முடிவுசெய்து, அடுத்த முறை வாங்கி வருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா அம்மாவிடம் திரும்பினார்.

"மாசமா இருக்கிற பொண்ணப் பாக்க வெறுங்கையோடவா போனே? ஒனக்கு அறிவு இருக்குதா?"

காவலர் வந்து போகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. ஜெயிலுக்குள் இருந்துகொண்டுகூட அம்மாவைத் திட்ட வேண்டுமா என்று இருந்தது. அவ்வளவு திட்டும் வாங்கிக்கொண்டு அம்மா ஏன் சிரித்த முகத்தோடு வெளியே வருகிறாள், ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வளையல் கடைக்குப் போகிறாள் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.