மேஸ்திரி கிணற்றில், பாவு கையில்

தறியில் ஏற்றும் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெருவில் நீட்டும்போது ஒருவர் அதன் முனையைப் பிடித்தபடி பின்னாலேயே நடந்து போக வேண்டும். கண் இழை மேல் இருக்கும். கால் போகிற இடம் காலுக்கே தெரியாது. அப்படித்தான் எங்கள் மேஸ்திரி ஏழுமலை அன்று காலை, சுற்றுச்சுவர் இடிந்த கிணற்றுக்குள் போனார்.

இன்னொரு முனை என் கையில். பாவு சிக்கினால் பிரிப்பதற்குள் பெண்டு கழன்றுவிடும் என்பதால் ஆளே விழுந்தும் நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து இழுத்தேன். நீச்சல் தெரியாத ஏழுமலையும் விடவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே, பட்டு நனையாமல் ஒரு கையை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.

எங்களிடம் நூல் சுற்றும் ஜெயந்தி, படவேடு கிராமத்து வயல் கிணறுகளில் நீந்தி வளர்ந்தவள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள்.

“மேஸ்திரி, பாவை வுடுங்க!”

“வுட்டா சிக்காயிடும்மா!”

“யோவ், நீ முழுகிகினு கீறய்யா!”

அவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: “அண்ணா, இழுக்காதண்ணா! ஆளு சுவத்துல மோதறாரு!”

கடைசியில் பாவைப் பிடித்திருந்த அவர் கையைக் கடித்தாள். அவர் விட்டார், நான் சாக்கடையில் மல்லாந்தேன். அவரை முடியைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தாள்.

யாரோ எடுத்த, நான் இழுக்கிற போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. கிணற்றுக்குள் இருந்தவள் அதில் எப்படித் தெரிவாள்? உயிர் காத்தவர்களுக்கு நாடு தரும் ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுமென்று வி.ஏ.ஓ. என்னைத் தேடி வந்தார். பதக்கம் மாட்ட என் மனைவி சுவரில் இடம் பார்த்துவிட்டாள். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பக்கம் ஜெயந்தி ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

“உயிரைப் பணயம் வெச்சீங்களா?” என்றார் வி.ஏ.ஓ.

“வேட்டியத்தான் சார் வெச்சேன். அதுவும் அவுந்துபோச்சு. உயிர வெச்சது, அதோ, அவ.”

அவர் நம்பாமல் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை கையிலிருந்த பல் தழும்பைக் காட்டினார். “அவ என்னைக் காப்பாத்தினா சார். இவன் பாவைக் காப்பாத்தினான்.”

“பாவுக்கெல்லாம் பதக்கம் கெடையாதுங்க,” என்று வி.ஏ.ஓ. ஜெயந்தி பக்கம் திரும்பினார். “உன் முழுப் பேரு சொல்லும்மா.”

ராட்டை நின்றது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் விழுந்தால் முதலில் பாவை விடுங்கள். சிக்கைப் பிரிக்க நாங்கள் இருக்கிறோம். கிணற்றில் குதிக்க எல்லாத் தெருவிலும் ஜெயந்தி இருக்க மாட்டாள்.